விரல் நுழையாத கவசம்

காரின் பானெட்டிலிருந்து புகை கிளம்பியபோது நான் பின்சீட்டில் பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையார் என்றால் சிலை அல்ல, சிலைக்குச் சாத்தும் பித்தளைக் கவசம். முகம், வயிறு, கைகள், பாசம், அங்குசம் என்று தனித்தனித் துண்டுகளாகப் பழைய வேட்டியில் சுற்றி, செம்பூரில் ஒரு கோயிலுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். கார் ஓட்டியவர் மாட்டுங்கா லலிதா மாமி. பக்கத்து சீட்டில் அவருடைய கணவர் விஸ்வநாதன் சார். சயான் தாண்டி செம்பூர் பக்கம் போகும் பெரிய ரோட்டில், காலை ஒன்பதரை மணி நெரிசலில் இது நடந்தது.

புகைக்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் செய்த நல்ல வேலைகளைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஆனால் உபயோகமாக என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

1. சாமியிலிருந்து எஞ்சினுக்கு

என் பெயர் செல்லத்துரை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. முப்பது வருடமாகத் தகடு அடிக்கிறேன். அதில் முக்கால்வாசி கோயில் வேலை: கவசம், சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் பிரபை, வாசல் கதவுக்குத் தகடு. தகட்டை அரக்கில் பதித்து, பின்பக்கமிருந்து தட்டித் தட்டி உருவம் எடுப்போம்.

கவசத்துக்கு அழகு என்பதே ஒட்டுதல்தான். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது. விரல் என்ன, நூல் நுழைந்தாலே அர்ச்சகர் முகத்தைச் சுளிப்பார். என் கவசத்தைப் பார்த்து இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நானாகத்தான் சொல்கிறேன், என் வீட்டில் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

கார் வேலை தற்செயலாக வந்தது. வடாலாவிலிருந்து ஒரு டாக்ஸிக்காரர் ஆயுத பூஜைக்கு முன்னால் வந்தார். "அண்ணாச்சி, பானெட்டைத் திறந்தா பேட்டரி அசிங்கமாத் தெரியுது. பொட்டு வைக்கவே மனசு வரல. பளபளன்னு ஒரு மூடி போட்டுத் தாங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மொபைலில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பேட்டரிக்கு மூடி, ஃபியூஸ் பெட்டிக்கு மூடி, ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் சட்டத்துக்கு ஒரு பெரிய மூடி. எஞ்சின் அறை முழுக்க ஸ்டீல் நகை போட்டது போல இருக்க வேண்டும். அதுதான் ஆர்டர்.

வேலை கஷ்டமில்லை. டிவி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து டெம்ப்ளேட் வெட்டுவேன். அதை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து நறுக்குவேன். சரியாக உட்கார்ந்ததும் இருபத்திரண்டு கேஜ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட்டில் வரைந்து வெட்டி, மடித்து, பூவேலை தட்டி, பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் முகம் பார்க்கலாம். பானெட் மூடும்போது இடிக்குமா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. கும்பார்வாடாவில் பானை செய்கிறவர்களிடம் ஒரு கை ஈரமண் வாங்கி வருவேன். மூடியின் மேல் அங்கங்கே கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி வைத்து, பானெட்டை மூடித் திறப்பேன். நசுங்கிய மண்ணின் கனம் எவ்வளவோ அதுதான் இடைவெளி. இதைப் பார்க்கவே சந்துக்குள் கூட்டம் கூடும்.

2. பீமரத சாந்திக்கு ஒரு பரிசு

லலிதா மாமி ஒரு திங்கட்கிழமை பதினாறு வயதுப் பழைய சின்னக் காரை அந்தக் குறுகலான சந்துக்குள் ஒரு கீறல் விழாமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"செல்லத்துரைங்கறது நீங்கதானே? இவருக்கு அடுத்த மாசம் எழுபது முடியறது. பீமரத சாந்தி பண்றோம். பட்டு வேஷ்டி வேணுமா, மோதிரம் வேணுமான்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாமாம். கார் எஞ்சினுக்கு நகை பண்ணிப் போடணுமாம். பாத்தேளா மனுஷனை!"

காருக்குள் இருந்து சார் மெதுவாகச் சொன்னார். "நகை இல்லை லலிதா. கவர்."

சார் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரஸர் மெயின்டனன்ஸ் பார்த்தவர். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் செம்பூரில் டயாலிசிஸ். மாமிதான் கார் ஓட்டிக் கூட்டிப் போவார். முன்பு சாரே ஓட்டிய கார், இப்போது அவரால் ஓட்ட முடியாது. முடிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்ப்பது. அதனால் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

இடது கையை மடியில் வைத்தபடியே இருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கு மேலே கயிறு போலப் புடைத்துத் தெரிந்தது. அந்தக் கையை யாரும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, பிரஷர்கூட அதில் பார்க்கக் கூடாது என்று மாமி சொன்னார். "அந்தக் கைதான் இவரோட உசிரு. அது போச்சுன்னா மறுபடியும் ஆபரேஷன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க மாமி. சாமிக்குச் செய்யுத மாதிரி செஞ்சு தாரேன்" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

3. சந்தில் எழுந்த சிரிப்பு

பேட்டரி மூடியின் நாலு பக்கமும் தாமரை இதழ் வரிசை. முன்சட்டத்து மூடியில் கொடி. ஒவ்வொரு வயரையும் குழாயையும் சுற்றி, சிலையின் கழுத்தைச் சுற்றி வெட்டுவது போல, ஒட்டி வெட்டினேன். விளிம்புக்கு ரப்பர் பீடிங் போடுவது வழக்கம். போட்டால் கறுப்பாக ஒரு கோடு தெரியும், பூவேலை எடுபடாது. எனவே போடவில்லை.

முன்சட்டத்தில் இன்னொன்றும் செய்தேன். பானெட்டின் லீவரை உள்ளிருந்து இழுத்தால் அது அரை அங்குலம்தான் எழும்பும். அந்த இடைவெளியில் விரலை விட்டு ஒரு கொக்கியைத் தள்ளினால்தான் முழுசாகத் திறக்கும். என் கண்ணுக்கு அந்த இடைவெளி ஓட்டையாகப் பட்டது. மூடியின் விளிம்பை மேலே நீட்டி, ஒரு மெல்லிய கீற்று மட்டும் விட்டு, அதையும் அடைத்துவிட்டேன். கொக்கியைத் தள்ள மெல்லிய ஸ்டீல் பட்டையில் ஒரு சாவி செய்து, அதன் தலையில் ஒரு தாமரை தட்டி, மாமியிடம் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

அன்றைக்குச் சந்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மண்ணுருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்து காட்டினேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக நசுங்கியிருந்தது. ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள். சார் காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு செல்லத்துரை. ஆனா எஞ்சின் ஓடறச்சே ஆடுமே? ஓட விட்டுப் பாத்தேளா?"

பாராட்டு மட்டும் எதிர்பார்த்து நின்றவனுக்கு இந்தக் கேள்வி சுருக்கென்றது. எனக்கு முன்கோபம் அதிகம். அது வந்தால் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிடும்.

"சார், முப்பது வருசமா சாமிக்கே கவசம் அடிக்கேன். ஒரு சாமியும் இடிக்குதுன்னு சொன்னதில்ல. கம்ப்ரஸர் வேற, இது வேற. நீங்கதான் ரிட்டயர் ஆயாச்சே, நிம்மதியா உக்காந்துக்கிட்டு வாங்க" என்றேன்.

சந்து முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் பேசவில்லை. நான் அதைக் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். நல்ல பதிலடி கொடுத்தோம் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4. முதலில் இறக்கியது

மூன்று வாரம் ஆயிற்று. செம்பூர் கோயிலுக்குக் கவசம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்றைக்கு டயாலிசிஸ் நாள். "நாங்க அந்தப் பக்கம்தானே போறோம், பஸ்ல எதுக்குப் பிள்ளையாரைத் தூக்கிண்டு அலையறேள்" என்று மாமியே ஏற்றிக்கொண்டார்.

வழியெல்லாம் மாமி என் கவரைப் பற்றித்தான் பேசினார். அவர்கள் குடியிருக்கும் சொசைட்டியில் யார் யார் வந்து பார்த்தார்கள், என்னென்ன சொன்னார்கள். சார் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்பது போல இருந்தார். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் வாடைதான் வந்தது. வயர் கருகும் வாடை. வெளியே ஏதோ லாரி என்று மாமி கண்ணாடியை ஏற்றப் போனார்.

"லலிதா, ஓரமா நிறுத்து" என்றார் சார். "இப்பவே."

மாமி நிறுத்துவதற்குள் பானெட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் புகை வெளியே வந்துவிட்டது. வெள்ளையாக ஆரம்பித்துக் கறுப்பாக மாறியது. மாமி எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். புகை நிற்கவில்லை. "சாவியை எடுத்துட்டேனே! எடுத்துட்டேனே!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைத் திறந்து, மடியிலிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பிள்ளையாரை நடைபாதையில் பத்திரமாக வைத்தேன். முன்சீட்டில் கால் வலுவில்லாத ஒரு மனிதர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் முதலில் இறக்கியது தகட்டை. கை தானாக அப்படிச் செய்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சமாதானமாக இல்லை.

பின்னால் வந்த ஒரு டாக்ஸிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "பஹலே காகா கோ நிகாலோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், முதலில் பெரியவரை வெளியே எடு என்று. அவரே இடது பக்கக் கதவைத் திறந்தார். கதவுப் பக்கம் இருந்தது சாரின் இடது கை. டாக்ஸிக்காரர் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுக்கப் போனார்.

"வோ ஹாத் நஹி! வோ ஹாத் மத் பகடோ!"

அந்தக் கையைப் பிடிக்காதே என்று மாமி போட்ட சத்தத்தில் ரோடே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் அவருடைய உடம்புக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. டாக்ஸிக்காரர் சூடு பட்டவர் போலக் கையை எடுத்தார். பிறகு குனிந்து தன் கழுத்தைக் கொடுத்தார். சார் வலது கையால் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொள்ள, அப்படியே தூக்கி வெளியே கொண்டுவந்தார்.

இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி சார் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "செல்லத்துரை, ஸ்டார்ட்டருக்குப் போற தடி வயர். அதுக்கு ஃபியூஸ் கிடையாது. பேட்டரி மூடியைப் பேத்து எடுங்கோ, நின்னுடும்."

பானெட்டைத் திறந்தால்தானே மூடியை எடுப்பது. மாமி லீவரை இழுத்துவிட்டார். பானெட் அரை அங்குலம் எழும்பியது. விரலை விட்டேன். விரல் நுழையவில்லை. நானே நீட்டி அடைத்த விளிம்பு அது. சூடு வேறு.

"மாமி, சாவி! நான் குடுத்த சாவி எங்க?"

"அது ஆத்துல இருக்கே! தாமரை போட்டிருந்தேளேன்னு பூஜை ரூம்ல வெச்சிருக்கேன்!"

மாமியைத் திட்ட வாய் வந்தது. தாமரை போட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தவன் நான், அதை ஸ்பானரோடு போட்டு வைப்பார்களா?

கோயில் மூட்டை கண்ணில் பட்டது. வேட்டியை உதறினேன். அங்குசம் கெட்டியான பித்தளைப் பட்டை, நுனியில் வளைவு. அதைச் சுத்தியால் நடைபாதையில் தட்டித் தட்டையாக்கக்கூட நேரமில்லை, செருப்புக் காலால் மிதித்தே நசுக்கினேன். பிள்ளையார் கையிலிருக்கும் ஆயுதத்தைச் செருப்போடு மிதித்தவன் தாராவியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இடுக்கில் நுழைத்து வளைவால் கொக்கியைத் தள்ளினேன். மூன்றாவது தள்ளலில் விட்டது.

பானெட் திறந்ததும் பார்த்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. என் தாமரை இதழ்களில் ஒரு பக்கம் சிவந்து போயிருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் உருகிச் சொட்டி, சின்னச் சின்னதாகத் தீ. டாக்ஸிக்காரர் தன் ஜாக் ராடைக் கொண்டுவந்து கொடுத்தார். வேட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடிக்கு அடியில் ராடைக் கொடுத்து நெம்பினேன். நாலு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் நானே பார்த்துப் பார்த்து முறுக்கியது. இரண்டு தெறித்தன, மூடி ஒரு பக்கமாக எழும்பியது, படபடவென்று பொறி பறந்தது, அதோடு நின்றது. டாக்ஸிக்காரர் தண்ணீர் பாட்டில்களைத் திறந்து ஊற்றினார். உள்ளங்கை வெந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

சாரையும் மாமியையும் அந்த டாக்ஸியிலேயே அனுப்பி வைத்தேன். டயாலிசிஸ் முக்கால் மணி நேரம் தாமதம். நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் இடம் வைத்திருந்தார்கள்.

5. ஏன் எரிந்தது

தனியாக நின்று அந்த வயரைப் பார்த்தேன். தடித்த சிவப்பு வயர். பேட்டரியிலிருந்து எஞ்சினில் இருக்கும் ஸ்டார்ட்டருக்குப் போவது. என் மூடியின் விளிம்பு அதைத் தொட்ட இடத்தில் உறை வெட்டுப்பட்டுச் செம்பு தெரிந்தது. ரம்பம் போட்டு அறுத்தது போல நேர்க்கோடு.

நடந்தது சுலபமாகப் புரிந்துவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் கியர் மாற்றும்போதும் ஒரு பக்கம் சாய்ந்து எழும். அதோடு சேர்ந்து வயரும் அசையும். பாடியில் முறுக்கிய என் மூடி அசையாது. மூன்று வாரம் அது வயரை அறுத்திருக்கிறது. உறை போனதும் செம்பு தகட்டைத் தொட்டது, தகடு பாடியைத் தொட்டது, பேட்டரியின் முழு பலமும் அந்த வழியே பாய்ந்தது. ஒரு ஜாண் ரப்பர் பீடிங் போட்டிருந்தால், அல்லது ஒரு விரல் இடம் விட்டிருந்தால் இது கிடையாது.

கல் ஆடாது. முப்பது வருடமாக ஆடாத ஒன்றுக்கு அளவு எடுத்துப் பழகிய கை என் கை. எஞ்சினுக்கும் அதே அளவை எடுத்துவிட்டது. மண்ணுருண்டை வைத்ததும் எஞ்சின் நின்றிருந்தபோதுதான். இதெல்லாம் சார் ஒரே கேள்வியில் கேட்டது.

6. ஆஸ்பத்திரி வாசல்

மத்தியானம் இரண்டு மணிக்கு அவர்கள் வெளியே வரும்போது வாசலில் நின்றேன். கையில் கட்டு. மாமி சாதாரணமாகத்தான் பேசினார், அதுவே எனக்குத் தாங்கவில்லை. மருந்து வாங்க அவர் உள்ளே திரும்பியபோது சாரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்டேன். சார் தலையாட்டினார்.

"ஒரு வாரமாவே கேட்டுண்டிருந்தேன்" என்றார்.

"என்னத்த சார்?"

"டிக் டிக்னு ஒரு சத்தம். கியர் மாத்தறச்செல்லாம் வரும். தகடு எதையோ தொடறதுன்னு தெரிஞ்சது. இன்னிக்கு ஏறினப்போகூட இருந்தது."

"ஏன் சார் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்லா?"

சார் ஊசி எடுத்த இடத்துப் பஞ்சை வலது கையால் லேசாகத் தொட்டுக்கொண்டார்.

"அன்னிக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சா. லலிதாகிட்டச் சொன்னா உங்களுக்கு போன் பண்ணுவா, நீங்க மறுபடியும் ஏதாவது சொல்வேள். நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். தப்புதான்."

வயரை அறுத்தது தகடு. அறுபடுவது ஒருவர் காதுக்குக் கேட்டிருக்கிறது. முப்பது வருடம் மெஷின் சத்தம் கேட்டே பிழைத்த காது. அந்த மனிதரின் வாயைப் பதினைந்து பேர் முன்னால் அடைத்தவன் நான். என் நாக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் செய்த வேலையால் அவரும் மாமியும் நடு ரோட்டில் வெந்திருப்பார்கள். மாமி மருந்தோடு வந்ததும் டாக்ஸி பிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து, அதுவரை கவர் போட்டுக் கொடுத்த எல்லோருக்கும் போன் போட்டேன். மொத்தம் ஏழு கார். ஐரோலியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு பையன், "அங்கிள், டென்ஷன் நக்கோ. வண்டி மஸ்த் ஓடுது" என்றான், கவலை வேண்டாம், வண்டி ஜோராக ஓடுகிறது என்று. "மஸ்தா ஓடுனாலும் கொண்டா, இல்லன்னா நான் அங்க வந்து பேத்து எடுப்பேன்" என்றேன். ஏழும் வந்தன. நாலில் வயரின் உறையில் கோடு விழுந்திருந்தது. அந்த ஐரோலிக் காரில் பாதி உறைதான் மிச்சம். அவனுக்கு அதைக் காட்டியபோது முகம் வெளுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கோயிலுக்கும் போனேன். நசுங்கிய அங்குசத்தைத் தர்மகர்த்தா முன் வைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நம்ம ஊர்க்காரர்தான். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "பிள்ளையார் கையில அது பின்ன எதுக்குவே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, "புதுசு ஒண்ணு அடிச்சுத் தாரும்" என்று உள்ளே போய்விட்டார்.

7. இரண்டாவது தடவை

காரை நல்ல எலக்ட்ரீஷியனிடம் விட்டு வயரெல்லாம் மாற்றியாயிற்று. சாந்திக்கு நாலு நாள் முன்னால் சாரே கேட்டனுப்பினார், கவர் மறுபடி போட முடியுமா என்று. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இரண்டு தடவை மாமியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வயரும் குழாயும் போகும் எல்லா இடத்திலும் ஒரு விரல் இடம் விட வேண்டும். எல்லா விளிம்புக்கும் ரப்பர் பீடிங் வேண்டும், அழகு போனால் போகட்டும். பானெட் கொக்கியை எந்தக் காரணத்துக்கும் மூடக் கூடாது. மண் வைத்துப் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது. ஒருவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியர் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். குறை சொல்லும் கஸ்டமர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது பாதிதான் வந்திருக்கிறது.

அன்றைக்கும் சந்தில் அதே கூட்டம். சிரித்த அதே ஆட்கள். மூடிகளுக்கும் வயர்களுக்கும் நடுவில் மண்ணுருண்டை வைத்துவிட்டு, எஞ்சினுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சாரை உட்கார வைத்தேன். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். அதன் நுனியை எஞ்சினில் வைத்து, உள்ளே எழும் சத்தம் கேட்கப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். மாமி உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் சாய்ந்து எழுந்தது. பார்க்கவே பயமாக இருந்தது, இவ்வளவு ஆடுமா என்று. நிறுத்திவிட்டுப் பார்த்தால் மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டம் கை தட்டியது.

சார் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"வலது பக்கம் ஏதோ தொடறது, செல்லத்துரை" என்றார்.

மண்ணில் அடையாளம் இல்லை. கண் முன்னால் சுத்தமாக இருக்கிறது. 'இல்ல சார், நல்லாப் பாருங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஸ்பானரை எடுத்து, வலது பக்க மூடியைக் கழற்றினேன். மேலே ஒன்றுமில்லை. தூக்கித் திருப்பினேன். அடியில் ஒரு ஸ்க்ரூவின் நுனி அரிசி அளவு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஏ.சி. குழாயில் புதிதாக ஒரு கீறல். அந்த இடத்தில் நான் மண் வைக்கவே இல்லை.

மூடியைத் தலைக்கு மேல் தூக்கி, சந்தில் நின்ற எல்லோருக்கும் அந்த ஸ்க்ரூவைக் காட்டினேன். "சார் சொன்னது சரி" என்று சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நுனியை அறுத்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினேன். மாமியை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

சார் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஸ்பானரோடு பக்கத்தில் குந்தினேன்.

"இன்னும் எங்க சார்?" என்று கேட்டேன்.